ஐ10-க்கு ஐ20 ஸ்டீயரிங் சேருமா?

கேள்வி: அண்ணா, வணக்கம். எங்கள் வீட்டில் 2011 மாடல் ஐ10 மேக்னா, 1.2 பெட்ரோல். மாமாவிடமிருந்து எங்களுக்கு வந்த வண்டி. கொஞ்ச நாளாக ஸ்டீயரிங் திடீரென்று இறுகிப்போகிறது, டேஷ்போர்டில் இ.பி.எஸ். (எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்) லைட் எரிகிறது. வண்டியை ஆஃப் செய்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் சில நேரம் சரியாகிவிடுகிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு ஸ்டீயரிங் காலம் (வீலிலிருந்து கீழே இறங்கும் தண்டுப் பகுதி) அசெம்பிளி முழுசாக மாற்ற வேண்டும் என்கிறார். புதியது வாங்க எங்களுக்கு வசதி இல்லை. புதுப்பேட்டையில் ஒரு கடையில் ஐ20-யில் கழற்றிய காலமும் ரேக்கும் (முன் சக்கரங்களை இடம் வலம் தள்ளும் பல் கம்பி) சேர்த்து ஒரு செட் இருக்கிறது, "எல்லாம் ஹூண்டாய்தானே, அப்படியே உட்காரும்" என்கிறார்கள். கிராண்ட் ஐ10 செட்டும் கிடைக்குமாம். எதை வாங்குவது? அப்படியே ஆடியோ பட்டன் உள்ள ஸ்டீயரிங் வீலும் போட்டுக்கொள்ளலாமா? (திண்டிவனம் வாசகர்)

பதில்:

தம்பி, முன்பணம் எதுவும் கொடுத்திருந்தால் திருப்பி வாங்கிவிடுங்கள், கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். ஐ20 செட் வேண்டாம். கிராண்ட் ஐ10 செட்டும் வேண்டாம். பழைய பார்ட்ஸ் வாங்குவதே தப்பு என்று சொல்ல வரவில்லை, நானே ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் வேலைதான் செய்கிறேன், பழைய ரேக்கும் காலமும் நிறைய வண்டிகளில் போட்டிருக்கிறேன், ஒழுங்காகத் தேடி எடுத்தால் நன்றாகவே ஓடும். ஆனால் ஸ்டீயரிங்கில் "போல்ட் உட்கார்ந்துவிட்டது" என்பது ஒரு சோதனையே இல்லை. கதவோ பம்பரோ கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். இங்கே முன்னே பின்னே இருந்தால் பைபாஸில் எண்பதில் போகும்போதுதான் தெரியும்.

அதற்கு முன் இன்னொன்று. உங்கள் காலம் உண்மையிலேயே போய்விட்டதா என்பதிலேயே எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஆஃப் செய்து ஸ்டார்ட் செய்தால் சரியாகிறது, திடீர் திடீரென்று வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இப்படி வந்து வந்து போகிற கோளாறுக்கு முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி, எர்த், கனெக்டர். உங்கள் வண்டியில் இருப்பது ஹூண்டாயின் எம்.டி.பி.எஸ்., அதாவது ஆயில் பம்பு எதுவும் கிடையாது, ஸ்டீயரிங் காலத்திலேயே ஒரு மின் மோட்டார் இருந்து உங்கள் கைக்கு உதவுகிறது. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அந்த மோட்டார் பேட்டரியிலிருந்து நிறைய ஆம்பியர் இழுக்கும். பேட்டரி தளர்ந்திருந்தாலோ ஆல்டர்னேட்டர் சரியாகச் சார்ஜ் செய்யாவிட்டாலோ அந்த நேரத்தில் வோல்டேஜ் விழும், கன்ட்ரோல் யூனிட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உதவியை நிறுத்திவிடும், லைட் எரியும். மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல வேலை செய்யும்.

எனவே மல்டிமீட்டர் வைத்து, இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.5-லிருந்து 14.5 வோல்ட்டுக்குள் இருக்கிறதா பாருங்கள். பிறகு ஒருவரை ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பச் சொல்லிவிட்டு அந்த நேரத்தில் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். பேட்டரியிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகிற எர்த் கேபிளைக் கழற்றி, துரு தேய்த்து, மறுபடி இறுக்குங்கள். இன்ஜின் ரூமில் எம்.டி.பி.எஸ்.-க்கு என்று தனியாகப் பெரிய ஃப்யூஸ் இருக்கும், அதன் அடியில் கருகியிருக்கிறதா பாருங்கள். பிறகு ஸ்கேனர். என்ஜின் கோடு (கோளாறுக் குறியீடு) மட்டும் படிக்கிற சின்னக் கருவி போதாது, எம்.டி.பி.எஸ். யூனிட்டுக்குள் போய்ப் படிக்கிற ஸ்கேனர் வேண்டும். வோல்டேஜ் கோடா, டார்க் சென்சார் (கை கொடுக்கும் திருப்பு விசையை அளப்பது) கோடா, மோட்டார் கோடா, வண்டி வேகம் வரவில்லை என்ற கோடா என்று அது சொல்லிவிடும். வேக சிக்னல் வரவில்லை என்றால் கோளாறு சென்சாரிலோ வயரிங்கிலோ இருக்கலாம், காலத்தை மாற்றி என்ன பயன்? கோடு என்ன என்று எழுத்தில் கேளுங்கள். "காலம் போச்சு" என்று வாயால் சொல்வதை வைத்து யாரும் பெரிய செலவுக்கு இறங்கக் கூடாது.

ஹூண்டாயின் இந்த வகைக் காலத்தில் இன்னொரு சின்ன விஷயம், உங்களுக்கு இல்லாவிட்டாலும் இதைப் படிக்கும் வேறு ஒருவருக்கு உதவும். மோட்டாருக்கும் வார்ம் கியருக்கும் நடுவில் ஒரு சின்ன ரப்பர் கப்ளிங் இருக்கிறது. அது தேய்ந்து நொறுங்கினால் ஸ்டீயரிங்கை லேசாக இடது வலது ஆட்டும்போது டக் டக் என்று சத்தம் வரும். சத்தம் கேட்டதும் ரேக் போய்விட்டது என்று ரேக்கை மாற்றுகிறார்கள், சத்தம் போகாது, பிறகு காலத்தை மாற்றுகிறார்கள். மாற்றியிருக்க வேண்டியது அந்த ரப்பர் துண்டை மட்டும்.

சரி, ஸ்கேன் செய்து பார்த்து, உண்மையிலேயே டார்க் சென்சாரோ மோட்டாரோ கன்ட்ரோல் யூனிட்டோ போயிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது பழைய காலம் தேடலாம். அதையும் ஐ10-இல் கழற்றியதாகத்தான் தேட வேண்டும். காரணம் சொல்கிறேன்.

உங்கள் ஐ10 1595 மில்லிமீட்டர் அகலம். கிராண்ட் ஐ10 1660. நீங்கள் சொல்லும் முதல் தலைமுறை ஐ20 1710. வீல்பேஸும் அப்படித்தான், 2380, 2425, 2525. இவ்வளவு அகலம் மாறும்போது ரேக்கின் நீளமும் அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டை ராடின் நீளமும் எப்படி ஒன்றாக இருக்கும்? கடைக்காரர் கம்பெனி பெயர் ஒன்று என்பதால் பார்ட்டும் ஒன்று என்கிறார், கம்பெனியே அப்படிச் சொல்லவில்லை. ஹூண்டாய் பார்ட் நம்பர் பத்து எழுத்து. முதல் ஐந்து அது என்ன பொருள் என்று சொல்லும், அடுத்த இரண்டு எந்த வண்டிக் குடும்பம் என்று சொல்லும், மீதி வேரியன்ட். ஐ10-க்கு 0எக்ஸ், அந்த ஐ20-க்கு 1ஜே, கிராண்ட் ஐ10-க்கு பி4. பொருளைப் பொறுத்தவரை ரேக் என்றால் 56500, டை ராடு எண்ட் என்றால் 56820, காலம் என்றால் 563-இல் தொடங்கும். 57700 என்று ஆரம்பித்தால் அது ஆயில் பவர் ஸ்டீயரிங் ரேக், உங்கள் வண்டிக்கு அது ஆகவே ஆகாது. இந்த நாலு எண்ணை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனாலே பாதிப் பேச்சு குறைந்துவிடும்.

முதலில் உங்கள் வண்டியின் எண் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் 17 எழுத்து சேசிஸ் நம்பர் இருக்கும், இங்கே செய்த ஹூண்டாய் என்பதால் எம்.ஏ.எல். என்று ஆரம்பிக்கும். அதை எடுத்துக்கொண்டு ஹூண்டாய் ஸ்பேர்ஸ் கவுண்டருக்குப் போங்கள். இந்தச் சேசிஸுக்கு உரிய காலம் நம்பர் என்ன, அந்த நம்பருக்குப் பதிலாகப் பிறகு வேறு நம்பர் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். கம்பெனிகள் பார்ட்டைத் திருத்தும்போது நம்பரை மாற்றுவார்கள். புதிய நம்பர் பழைய வண்டிக்குப் பொருந்தும், பழைய நம்பர் புதிய வண்டிக்குப் பொருந்தாது என்று ஒருவழியாகவும் இருக்கும், அதனால் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். உங்கள் வண்டி 2010-இல் முகம் மாறி வந்ததற்குப் பிந்தையது, கடையில் 2008 வண்டியின் காலம் கிடைத்தால் அதுவும் ஐ10தான், ஆனாலும் நம்பரைப் பார்க்காமல் எடுக்காதீர்கள். ஆர்.சி.-யில் பதிவு தேதியைப் பார்க்காமல் தயாரித்த மாதம், வருடத்தைப் பாருங்கள், டிசம்பரில் செய்து மார்ச்சில் பதிவான வண்டிகள் ஏராளம்.

நம்பர் ஸ்டிக்கர் காலத்தில் மோட்டார் மேலோ கன்ட்ரோல் யூனிட் மேலோ பார்கோடுடன் ஒட்டியிருக்கும். மாண்டோ, ராணே என்.எஸ்.கே., ஜே-டெக்ட் என்று தயாரித்தவர் பெயரும் அவர்கள் நம்பரும் தனியாக இருக்கலாம், இரண்டையும் போட்டோ எடுங்கள். ஸ்டிக்கர் கிழிந்திருந்தாலோ, வேறு ஸ்டிக்கர் மேலே ஒட்டியது போலத் தெரிந்தாலோ எனக்கு அந்த பார்ட் வேண்டாம். ரேக்கில் சேறும் ஆயிலும் பட்டு ஸ்டிக்கர் பெரும்பாலும் போயிருக்கும், அங்கே அளந்துதான் ஆக வேண்டும்.

இணையத்தில் தேடும்போது இன்னொரு கவனம். இதே ஐ10 இங்கிருந்து இடது பக்க ஸ்டீயரிங் வண்டியாகவும் வெளிநாடு போனது. வெளிநாட்டுத் தளங்களில் மலிவாகப் பார்க்கிற ரேக் பலதும் அந்த வகை, பினியன் (ரேக்கை நகர்த்தும் சின்னப் பல்சக்கரம்) எதிர்ப்பக்கம் இருக்கும். போட்டோவைத் திருப்பிப் பார்த்தாலும் அது நமக்கு ஆகாது.

எலெக்ட்ரிக் காலத்தில் கண்ணுக்குத் தெரியாத பொருத்தம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கன்ட்ரோல் யூனிட்டுக்குள் இருக்கும் புரோகிராம் வண்டியின் எடை, டயர், வேகம் இவற்றைக் கணக்கில் வைத்து எவ்வளவு உதவி கொடுப்பது என்று தீர்மானிக்கிறது. கனமான வண்டியின் புரோகிராம் லேசான வண்டியில் ஏறினால் ஸ்டீயரிங் பஞ்சாகத் திரும்பும். நகருக்குள் சுகமாக இருக்கிறது என்று சந்தோஷப்படுவீர்கள், திண்டிவனம் தாண்டி நால்வழிச் சாலையில் ஒரு பஸ்ஸை முந்தும்போது கொஞ்சம் திருப்பினால் அதிகம் போய்விடும். இதனால்தான் காலம் மாற்றிய பிறகு ஹூண்டாய் ஸ்கேனரில் டைப் ரெக்கக்னிஷன் என்று ஒரு வேலை செய்ய வேண்டும், எந்த வண்டியில் இருக்கிறோம் என்று யூனிட்டுக்குத் தெரிவிப்பது அது. ஆங்கிள் சென்சார் உள்ள மாடல் என்றால் நடுநிலையையும் காலிபரேட் செய்ய வேண்டும். இதைச் செய்யக்கூடிய ஆள் உங்கள் ஊரில் யார் என்று பார்ட் வாங்கும் முன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சாவி. பழைய காலத்தோடு இக்னிஷன் லாக்கும் சாவியும் சேர்த்துத் தருவார்கள். அதைப் போடாதீர்கள். உங்கள் வண்டியில் இம்மொபிலைசர் இருந்தால் உங்கள் சாவிக்குள் இருக்கும் சிப்பைத்தான் இன்ஜின் கம்ப்யூட்டருக்குத் தெரியும், வேறு சாவியில் சுற்றும், ஸ்டார்ட் ஆகாது. உங்கள் லாக்கைக் கழற்றி இதில் மாற்ற வேண்டும். அந்த லாக்கைப் பிடித்திருப்பது தலை முறித்த போல்ட், கழற்ற உளியும் பொறுமையும் வேண்டும். ஆத்திரத்தில் காலத்தின் மேல் சுத்தியலால் ஓங்கி அடிக்கிற ஆள் கையில் இதைக் கொடுக்காதீர்கள், அடி டார்க் சென்சார் வரை போகும்.

கடையில் பார்ட் கையில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அது மோதிய வண்டியில் இருந்ததா என்பது. பழைய பார்ட்ஸ் சந்தைக்கு வருகிற வண்டிகளில் பல விபத்தில் சிக்கியவை, இது யாரும் மறைக்கிற விஷயம் இல்லை. பின்னால் அடிபட்ட வண்டியின் காலம் நல்லதாக இருக்கலாம். முன்னால் மோதிய வண்டியின் காலம் எந்த விலைக்கும் வேண்டாம். ஏன் என்றால் ஸ்டீயரிங் காலம் மோதும்போது மடங்கிச் சுருங்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது, ஓட்டுநரின் நெஞ்சில் குத்தாமல் இருக்க. டேஷ்போர்டின் கீழே அது மாட்டியிருக்கும் பிராக்கெட்டில் இரண்டு பக்கமும் சின்ன பிளாஸ்டிக் பிடி இருக்கும், மோதினால் அது முறிந்து பிராக்கெட் வழுக்கிக்கொண்டு வரும். அந்தப் பிடி முழுசாக இருக்கிறதா, நகர்ந்த தடம் இருக்கிறதா, பசை தடவி ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். உங்கள் வண்டியின் காலத்தை அளந்து கொண்டு போய் நீளத்தை ஒப்பிடுங்கள், சில மில்லிமீட்டர் குறைந்தாலும் வைத்துவிடுங்கள். ஏற்கெனவே ஒருமுறை சுருங்கிய காலம் உங்கள் வீட்டு ஆள் உட்கார்ந்திருக்கும்போது மறுபடி சரியாகச் சுருங்காது. பணம் மிச்சமானது என்று நினைத்துக்கொண்டிருப்போம், அது எதற்கு ஈடு என்று யோசித்துப் பாருங்கள் தம்பி, எனக்கு இதில் மட்டும் யாரிடமும் சமரசம் கிடையாது.

வண்டியின் பதிவு எண்ணைக் கேளுங்கள். நேர்மையான கடைக்காரர் சொல்வார். எம்-பரிவாகன் செயலியில் போட்டால் அது எந்த மாடல், எப்போது பதிவானது என்று தெரிந்துவிடும், "2012 ஐ10" என்று சொன்னது உண்மையா என்றும் தெரியும். பில் இல்லாமல் வாங்காதீர்கள். திருட்டு வண்டியின் பார்ட் என்று பிறகு தெரிந்தால் வாங்கியவரையும் கேட்பார்கள், பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவு திருட்டுப் பொருள் வைத்திருப்பதைப் பற்றியதுதான். பில்லில் பார்ட் நம்பரையும், போட்டுப் பார்த்து வேலை செய்யாவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பி எடுப்பார்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

மோதலுக்கு அடுத்து நான் பயப்படுவது வெள்ளம். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன என்று நமக்கெல்லாம் தெரியும். ஆயில் ஸ்டீயரிங் என்றால் கழுவித் துடைத்துப் போட்டுவிடலாம், எலெக்ட்ரிக் காலம் அப்படி இல்லை. கனெக்டரைக் கழற்றி பின்களைப் பாருங்கள், பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் வேண்டாம். மோட்டாரின் போல்ட் தலைகளில், பிராக்கெட்டின் மடிப்புகளில் விரலால் தடவினால் மெல்லிய வண்டல் ஒட்டுகிறதா பாருங்கள். காருக்குள், டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஒரு பொருளில் துரு பிடிக்கக் காரணமே இல்லை, பிடித்திருந்தால் தண்ணீர் அதுவரை வந்திருக்கிறது என்று பொருள். வாங்கிய அன்று வேலை செய்யும், சில மாதம் கழித்து நீங்கள் இப்போது சொல்கிற அதே கோளாறு ஆரம்பிக்கும்.

ரேக் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் ரேக்கில் கோளாறு இருப்பதாக ஒரு வரி கூட இல்லை. பிறகு ஏன் செட்டாக வாங்க வேண்டும்? கடைக்காரருக்கு இரண்டும் ஒன்றாகப் போனால் நல்லது, உங்களுக்கு என்ன லாபம்? இருந்தாலும் ரேக் வாங்க வேண்டியவர்களுக்காகச் சொல்கிறேன், இதில்தான் பொருத்தம் பார்ப்பது கொஞ்சம் ஆழமான வேலை.

பழைய ரேக்கையும் வாங்கப் போகும் ரேக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். மவுண்டிங் போல்ட் இடைவெளி ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள், அது ஆரம்பம்தான். இரண்டு முனையிலும் உள் பால் ஜாயின்ட் இருக்கிறதல்லவா, ரேக் நடுவில் நிற்கும்போது அந்த இரண்டு ஜாயின்ட்டுக்கும் இடையே உள்ள தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான அளவு. டை ராடும், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மும் ஒன்றுக்கொன்று இசைவாக ஏறி இறங்கும்படி கம்பெனி அந்தப் புள்ளிகளை வைத்திருக்கிறது. தூரமோ உயரமோ மாறினால், வேகத்தடையில் ஏறும்போது நீங்கள் ஸ்டீயரிங்கைத் தொடாமலேயே சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பும். அலைன்மென்ட் மெஷினில் வண்டி நிற்கும்போது எல்லாம் பச்சையாகக் காட்டும், ரோட்டில் பள்ளம் மேடு வந்தால் வண்டி தானாக இழுக்கும். அலைன்மென்ட் கடையை மாற்றி மாற்றி அலைவார்கள். டை ராடைக் கூட்டிக் குறைத்து வெளி அளவைச் சரிக்கட்டினாலும் இது போகாது, ஏனென்றால் கோளாறு உள் முனையில் இருக்கிறது.

அடுத்து, ஒரு எல்லையிலிருந்து மறு எல்லை வரை பினியனை எத்தனை சுற்று சுற்ற வேண்டும், அதற்கு ரேக் எவ்வளவு நகர்கிறது என்று இரண்டிலும் எண்ணி அளந்து பாருங்கள். நகர்வு அதிகம் என்றால் முழுசாகத் திருப்பும்போது டயர் உள்ளே உரசும், டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட்டும் தாங்க வேண்டிய கோணத்துக்கு மேல் மடங்கும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியின் ரேக்கைப் பவர் உள்ள வண்டியில் போட்டால் பெரும்பாலும் சுற்று அதிகமாக இருக்கும், எதிர்மாறாகப் போட்டால் கை வலிக்கும். ஆல்டோவில் பவர் இல்லாத ஸ்டாண்டர்டும் பவர் உள்ள எல்.எக்ஸ்.ஐ.-யும் வெளியே பார்க்க ஒரே கார்தான், இந்த மாதிரி வண்டிகளில் மாடல் பெயரை மட்டும் சொல்லி பார்ட் கேட்டால் எது கையில் வரும் என்று சொல்ல முடியாது.

பொருந்துகிறது என்றால் பிறகு நிலைமை. ரப்பர் பூட்டைத் தள்ளிவிட்டு உள்ளே இருக்கும் கம்பியைப் பாருங்கள், துரு, குழி, கீறல் இருந்தால் வேண்டாம். மெதுவாக முழு தூரமும் நகர்த்துங்கள், எந்த இடத்திலும் தடங்கல் வரக் கூடாது. பல வருடம் ஓடிய ரேக் நடுப்பகுதியில்தான் தேயும், ஏனென்றால் நாம் பெரும்பாலும் நேராகத்தான் ஓட்டுகிறோம். நடுவில் ஆட்டம் இருக்கிறது என்று பின்பக்க அட்ஜஸ்டரை இறுக்கிவிட்டு நல்ல ரேக் போலக் காட்டுவார்கள். அப்படி இறுக்கியதை ஓரத்துக்குத் திருப்பினால் இறுகும், திருப்பத்தில் இருந்து ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. நடுவிலும் இரண்டு ஓரத்திலும் ஒரே மாதிரி சுற்றுகிறதா என்று கையால் உணர்ந்து பாருங்கள், இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

இனி காலத்தையும் ரேக்கையும் இணைக்கும் ஸ்ப்ளைன், அதாவது ஷாஃப்டின் முனையில் நீளவாக்கில் வெட்டிய பற்கள். இதில் நடக்கும் தப்பு எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிற ஒன்று. ஷாஃப்டில் ஒரு பல்லின் மேல் பெயின்ட் பொட்டு வைத்து அங்கிருந்து சுற்றி எண்ணுங்கள், இரண்டிலும் பல் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். வெர்னியரால் வெளி விட்டத்தை அளந்தால் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். யு.ஜே. கிராஸின் (ஷாஃப்டுகளை இணைக்கும் மடங்கு மூட்டு) கிளாம்ப் ஒரு பக்கம் வெட்டு விட்டது, ஸ்குரூ டிரைவரை விட்டு விரித்தால் பெரிய ஷாஃப்டும் உள்ளே போகும், போல்ட்டை முறுக்கினால் சின்ன ஷாஃப்டையும் பிடித்துக்கொள்ளும். அப்போது கையால் ஆட்டிப் பார்த்தால் கெட்டியாகவே இருக்கும். ஆனால் பற்கள் முனையில் மட்டும்தான் தொட்டுக்கொண்டிருக்கும், நாளாக நாளாக அவை மழுங்கும். அப்படி விரித்துப் போட்ட ஜாயின்ட்டோடு எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்த ஒரு காரில் ஸ்டீயரிங் வீல் கால் சுற்று சும்மா சுற்றியது. ஓட்டி வந்தவர் குடும்பத்தோடு வெளியூரிலிருந்து வந்திருந்தார். அந்தப் போல்ட் ஷாஃப்டில் உள்ள பள்ளத்தின் வழியாகப் போக வேண்டும், அது தடையில்லாமல் போகவில்லை என்றால் ஷாஃப்ட் முழுசாக உள்ளே இறங்கவில்லை. அங்கே பழைய போல்ட் போடாதீர்கள், புதிது போடுங்கள்.

டை ராடு எண்ட், ரேக் எண்ட், பால் ஜாயின்ட் இவற்றைப் பழையதாக வாங்கவே வேண்டாம். புதியதே கட்டுப்படியாகும் விலையில் நல்ல கம்பெனியில் கிடைக்கிறது, பழையதில் கிரீஸுக்குள் என்ன தேய்மானம் என்று வெளியே தெரியாது. புதியது வாங்கினாலும் பொருத்தம் பாருங்கள். எம்12 போல்ட்டில் 1.25 பிட்ச்சும் உண்டு, 1.5 பிட்ச்சும் உண்டு, மாற்றி ஏற்றினால் இரண்டு மரை போய் இறுகும், ஸ்பேனர் போட்டு அழுத்தினால் மரை கெடும். கூம்பு மாதிரி இருக்கும் பின்னில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) உட்கார வைத்து எடுங்கள், மை சுற்றிலும் அழிந்திருந்தால் சரி, ஒரு பக்கம் மட்டும் என்றால் டேப்பர் (கூம்பின் சரிவு) வேறு. நக்கிள் வாங்குகிறவர்கள் பேரிங் அளவு, ஏ.பி.எஸ். சென்சார் துளை, காலிப்பர் மவுண்டிங், ஷாக் போல்ட் இடைவெளி நான்கையும் பார்க்க வேண்டும். எங்காவது வெல்டிங் வைத்தது, சூடு காட்டி நிமிர்த்தியது என்று தெரிந்தால் ஸ்டீயரிங்கில் எந்தப் பாகமாக இருந்தாலும் தள்ளிவிடுங்கள்.

ஸ்கார்ப்பியோ, பழைய இன்னோவா என்று ஆயில் ஸ்டீயரிங் வைத்திருப்பவர்களுக்கு: பைப் யூனியனின் மரையும் சீலிங் வகையும் ஒன்றா பாருங்கள், பம்பும் ரேக்கும் ஒரே வண்டியிலிருந்து வந்தால் நல்லது, மேனுவலில் சொன்ன ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) கேட்கிற சிஸ்டத்தில் வேறு வகை ஆயிலைக் கலந்தால் சீல் ஊதிக் கெடும், பிறகு நல்ல ரேக்கும் ஒழுகும்.

ஆடியோ பட்டன் உள்ள வீல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வீலுக்கு அடியில் கிளாக் ஸ்பிரிங் என்று ஒரு சுருள் இருக்கிறது, ஹாரன், ஏர்பேக், பட்டன் எல்லாவற்றின் வயரும் அதன் வழியாகத்தான் போகிறது. பட்டன் இல்லாத வண்டியின் கிளாக் ஸ்பிரிங்கில் அதற்கான வயர் இருக்காது, ஆக அதையும் மாற்ற வேண்டும், டேஷ்போர்டு வயரிங்கும் வேண்டும், ஸ்டீரியோவும் ஏற்க வேண்டும். நம் நாட்டில் ஓட்டுநர் ஏர்பேக் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஜூலையில்தான், அதற்கு முந்தைய வண்டிகளில் ஏர்பேக் உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை வீலும் சுற்றுகின்றன. உங்கள் வண்டியில் ஏர்பேக் இருந்தால் வீலைத் தொடவே வேண்டாம். இல்லாவிட்டால், ஏர்பேக் மூடி போட்ட வீலை மாட்டி ஏர்பேக் இருப்பது போலக் காட்டிக்கொள்வதால் யாருக்கும் பாதுகாப்பு வரப்போவதில்லை. பழைய ஏர்பேக்கும் பழைய கிளாக் ஸ்பிரிங்கும் நான் யாருக்கும் போடுவதில்லை. அந்தப் பணத்தில் நல்ல பேட்டரி வாங்குங்கள், ஒருவேளை உங்கள் கோளாறே அதோடு தீர்ந்துவிடலாம்.

காலம் மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், பழையது தேடுவதற்கு முன் உங்கள் காலத்தையே ரிப்பேர் செய்ய முடியுமா என்று எலெக்ட்ரிக் ஸ்டீயரிங் மட்டும் பார்க்கிற கடையில் கேளுங்கள். மோட்டாரின் கார்பன் பிரஷ், கன்ட்ரோல் யூனிட்டின் ரிலே, சால்டரிங் போன்றவற்றைச் சரி செய்கிறார்கள், பொருத்தம் பற்றிய கவலையே இல்லாமல் போகும். டார்க் சென்சாரைப் பிரித்து ஒட்டுகிற வேலையை மட்டும் நான் நம்புவதில்லை, அது போயிருந்தால் மாற்றுவதே சரி.

மாட்டும் நாளன்று நீங்களும் பக்கத்தில் இருங்கள். ஏர்பேக் உள்ள வண்டி என்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் விட்டுவிட்டுத்தான் வீலில் கை வைக்க வேண்டும். சக்கரம் நேராக இருக்க, வீலை சீட் பெல்ட்டால் கட்டி வைத்துவிட்டுக் காலத்தை ரேக்கிலிருந்து பிரிக்கச் சொல்லுங்கள், பிரித்த பிறகு வீல் தானாகச் சுற்றினால் கிளாக் ஸ்பிரிங் அறுந்துவிடும். முடிந்ததும் வீலை இரண்டு பக்கமும் எல்லை வரை திருப்பி, நடுவிலிருந்து சுற்று சமமாக இருக்கிறதா எண்ணுங்கள். ஸ்டார்ட் செய்த சில நொடியில் இ.பி.எஸ். லைட் அணைய வேண்டும். காலிபரேஷன், அலைன்மென்ட் முடித்து, காலியான ரோட்டில் மெதுவாக ஓட்டி, திருப்பத்திலிருந்து வீல் தானாக நடுவுக்கு வருகிறதா பாருங்கள். யு.ஜே. கிளாம்ப் போல்ட்டின் தலையிலிருந்து கிளாம்ப் வரை பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள், ஒரு வாரம் ஓட்டிய பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால் போல்ட் நகர்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஸ்கேன் செய்ததும் என்ன கோடு வந்தது, பேட்டரி வோல்டேஜ் எவ்வளவு காட்டியது என்று இரண்டையும் எழுதி அனுப்புங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். அதுவரை லைட் எரிகிற வண்டியை நெடுஞ்சாலையில் எடுக்காதீர்கள், வீட்டில் வேறு யாரையும் ஓட்ட விடாதீர்கள்.